நீண்ட சைக்கிள் பயணத்துல நடுவுல பஸ் ஏறலாமா? அடிக்கடி கேக்குற கேள்விகளும் பதில்களும்

வாரக் கணக்குல சைக்கிள்ல போறவங்க, முதல் தடவை போகப் போறவங்க ரெண்டு பேரும் என்கிட்ட திரும்பத் திரும்ப கேக்குறது இதுதான்: லீவு பத்தல, ரூட்டு பெருசா இருக்கு, நடுவுல கொஞ்ச தூரம் பஸ்ல போயிடலாமா? என் பதில் எப்பவும் ஒண்ணுதான். போலாம், ஆனா அந்த பஸ்ஸை நீங்க தேர்ந்தெடுக்கணும், வேற வழியே இல்லாம கடைசி நாள்ல போய் அதுல விழக்கூடாது. மத்த கேள்விகளுக்கு கீழ பதில் சொல்லியிருக்கேன்.

பஸ் ஏறினா ஏமாத்து வேலை இல்லையா? முழுசா சைக்கிள்லயே போனேன்னு சொல்லிக்க முடியாதே?

சொல்லிக்க முடியாது, அதனால அப்படி சொல்லாதீங்க, அவ்வளவுதான். யாராவது கேட்டா "இங்கேருந்து இது வரைக்கும் பஸ்"னு நேரா சொல்லிடுங்க, அதுல ஒரு கௌரவக் குறைச்சலும் கிடையாது.

உலகத்தை சைக்கிள்ல சுத்தின முதல் ஆள்னு நாம சொல்றது தாமஸ் ஸ்டீவன்ஸை. 1884ல, முன்சக்கரம் நெஞ்சு உயரத்துக்கு இருக்குமே அந்தக் காலத்து சைக்கிள், அதுல சான் பிரான்சிஸ்கோவுல கிளம்பினார். ஆப்கானிஸ்தான்ல அவரைப் பிடிச்சு திருப்பி அனுப்பிட்டாங்க, அவர் என்ன செஞ்சார், கப்பல் ஏறி சுத்திக்கிட்டு இந்தியா வந்து அங்கேருந்து மறுபடி மிதிச்சார், 1886 கடைசியில ஜப்பான்ல முடிச்சார். அவரை யாரும் ஏமாத்துக்காரர்னு சொல்லல. 2017ல மார்க் பியூமாண்ட்ங்கிற சைக்கிள்காரர் 78 நாள் 14 மணி 40 நிமிஷத்துல உலகத்தைச் சுத்தி வந்தார், கின்னஸ் விதியில மிதிச்சே ஆக வேண்டியது 18,000 மைல், அதாவது கிட்டத்தட்ட 29,000 கி.மீ., கடலைத் தாண்ட விமானம் ஏறிக்கலாம். பனாமாவுக்கும் கொலம்பியாவுக்கும் நடுவுல டேரியன் காட்டுல சுமார் 100 கி.மீ.க்கு ரோடே இல்ல, அந்த வழியா சைக்கிள்ல போறவங்க பெரும்பாலும் படகோ விமானமோதான் ஏறுறாங்க. நார்வேல 24.5 கி.மீ. நீளத்துக்கு லேர்டால் சுரங்கப்பாதை இருக்கு, அதுக்குள்ள சைக்கிளுக்கு அனுமதியே இல்ல.

ஆனா ஒரு அங்குலம் விடாம மிதிச்சே போகணும்னு நினைக்கிறவங்களும் இருக்காங்க, அவங்க மேல எனக்கு நிஜமான மரியாதை உண்டு. நீங்க அந்த ரகமான்னு கிளம்புறதுக்கு முன்னாடியே உங்களையே கேட்டுக்குங்க. அந்த ரகம்னா தூரத்தைக் குறைச்சு சின்ன ரூட்டா போடுங்க. பாதி வழியில காலும் தீர்ந்து நாளும் தீர்ந்து நிக்கிறப்போ இந்த யோசனையை ஆரம்பிச்சா மனசு ரொம்ப நொந்து போகும்.

எவ்வளவு தூரத்துக்கு பஸ் ஏறினா நிஜமாவே நேரம் மிச்சமாகும்?

இங்கதான் நிறைய பேர் கணக்குல கோட்டை விடுறாங்க. 300 கி.மீ. பஸ்ல ஆறு மணி நேரம், சைக்கிள்ல நாலு நாள், அப்போ மூணே முக்கால் நாள் மிச்சம்னு நினைச்சுக்குவாங்க. அப்படி வராது. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் மிதிக்கணும், எந்த பஸ்ல சைக்கிளை ஏத்துவாங்கன்னு விசாரிக்கணும், கழட்டணும், கட்டணும், காத்திருக்கணும், இறங்கினதும் மறுபடி மாட்டணும், அதுக்குள்ள சாயங்காலம் ஆயிடும். பஸ் ஏறுற நாள் முழுசா போச்சுன்னு வச்சுக்கிட்டுதான் கணக்கைப் போடணும்.

உதாரணத்துக்கு உங்க ரூட்டு 1500 கி.மீ., ஒரு நாளைக்கு 80 மிதிப்பீங்க. 19 நாள் ஆகும், நடுவுல மூணு நாள் ஓய்வு, மொத்தம் 22. கையில இருக்குறது 18 நாள்தான், நாலு நாள் இடிக்குது. நாலு நாள் மிதிக்கிற தூரமான 320 கி.மீ.யை பஸ்ல தாண்டினா சரியாப் போச்சுன்னு தோணும், ஆனா பஸ்ஸே ஒரு நாளைத் தின்னுடுதே, அதனால அஞ்சு நாள் தூரம், 400 கி.மீ. தாண்டினாத்தான் நாலு நாள் கைக்கு வரும். அதே 400ஐ ரெண்டு இடத்துல இருநூறு இருநூறா பஸ் ஏறினா? ஒவ்வொண்ணுலயும் ரெண்டரை நாள் தூரம், அதுல ஒரு நாள் பஸ்ஸுக்குப் போச்சு, ஒன்றரை மிச்சம், ரெண்டும் சேர்ந்து மூணு நாள்தான். ஒரு நாள் சும்மா காணாமப் போயிடுச்சு பாருங்க. அதனால சின்னச் சின்னதா நாலு பஸ் ஏறாதீங்க, ஒரே பெரிய பஸ்ஸா ஏறுங்க. 120, 130 கி.மீ.க்குக் கீழன்னா பஸ்ஸை மறந்துடலாம், உடம்பு சரியில்லைன்னா மட்டும் அது வேற விஷயம்.

ராத்திரி பஸ்ல போனா பகல் மிச்சம்தானேன்னு கேப்பீங்க. தூங்காம வந்து இறங்குற ஆள் மறுநாள் பாதி நாள்தான் மிதிப்பார், எனக்கு ஒரு தடவை கூட அதுக்கு மேல முடிஞ்சதில்ல.

எந்தப் பகுதியை விடுறது, எதை மிதிக்கிறது?

கஷ்டமான பகுதியை விடாதீங்க, மோசமான பகுதியை விடுங்க. ரெண்டும் ஒண்ணு இல்ல. மலை ஏத்தம் கஷ்டம், ஆனா பத்து வருஷம் கழிச்சும் மனசுல நிக்கிறது அதுதான். ஓரத்துல ஒரு அடி கூட இடம் விடாம லாரி உரசிக்கிட்டுப் போற நேர் ரோடு, பெரிய நகரத்துக்குள்ள நுழையுற கடைசி 40 கி.மீ., இதுதான் மோசம். அதை மிதிச்சா உசுரைக் கையில பிடிச்சுக்கிட்டு இருந்தது மட்டும்தான் ஞாபகம் இருக்கும்.

ரூட்டை மேப்ல வச்சு ஒவ்வொரு நாள் பகுதியையும் பாத்து "இதை விட்டா வருத்தப்படுவேனா?"னு கேளுங்க. விடவே முடியாத பகுதிங்கள்ல முதல்ல பேனாவால வட்டம் போட்டுடுங்க. வட்டம் இல்லாத ரெண்டு மூணு பகுதி சேர்ந்தாப்ல வந்துச்சுன்னா உங்க பஸ் அங்கதான்.

முடிவை எப்போ எடுக்கணும்?

பயணத்தோட முதல் மூணுல ஒரு பங்குக்குள்ள. அப்பதான் உங்க நிஜ வேகம் என்னன்னு தெரியும், கைல நாளும் இருக்கும். கடைசி வாரம் வரைக்கும் தள்ளிப் போட்டா, எந்தப் பகுதிக்காக வீட்டை விட்டுக் கிளம்பினீங்களோ அதையே பஸ் ஜன்னல்ல பாத்துக்கிட்டுப் போற மாதிரி ஆயிடும். எனக்கு ஒரு தடவை அப்படித்தான் ஆச்சு, கடற்கரை ரோடு, ரெண்டு நாள் முழுக்க வலது பக்கம் கடலை வச்சுக்கிட்டு மிதிக்கணும்னு ஆறு மாசமா நினைச்சுக்கிட்டு இருந்தது, முன்னாடி ஒரு வெட்டி ஹைவேல வீம்புக்கு மூணு நாள் மிதிச்சதால நாள் பத்தாம அந்தக் கடலை மூணு மணி நேரத்துல கண்ணாடி வழியா பாத்தேன். அந்த வலியிலதான் இந்தப் பதில் எல்லாமே வருது.

எதிர்காத்து அடிச்சா பஸ் ஏறுறது நியாயமா?

ரொம்ப நியாயம். மலையை விட காத்துதான் நாளைத் தின்னும். அமைதியான நேரத்துல 18 கி.மீ. வேகத்துல போறீங்கன்னு வைங்க, எதிர்ல அதே 18 வேகத்துல காத்து அடிச்சா உங்க மேல படுற காத்தோட வேகம் ரெட்டிப்பு, அது தள்ளுற பலம் நாலு மடங்கு. சுமையோட போற சைக்கிள் அதே உழைப்புக்கு 10, 11 கி.மீ. வேகத்துக்கு வந்துடும். 80 கி.மீ. நாள் 45ஆ சுருங்கிடும். மலைக்காவது உச்சின்னு ஒண்ணு இருக்கு, அப்புறம் இறக்கம் இருக்கு, காத்துக்கு அது எதுவும் கிடையாது.

வாரக் கணக்குல ஒரே திசையில அடிக்கிற ஊருங்க இருக்கு, தென் அமெரிக்காவோட தெற்குக் கோடியில இருக்குற பட்டகோனியா மாதிரி. அங்கெல்லாம் நான் சொல்ற வழி, பஸ்ஸை முதல்லயே ஏறி அந்தப் பக்கம் கடைசிக்குப் போயிட்டு காத்தை முதுகுல வாங்கிக்கிட்டு திரும்பி மிதிச்சு வர்றது. பஸ்ஸுன்னா முன்னாடி தாண்டிப் போறதுக்கு மட்டும்தானா என்ன, திசையை மாத்திக்கவும் அதுதான்.

மலை மேல வரைக்கும் பஸ்ல போய் இறக்கம் மட்டும் சைக்கிள்ல வரலாமா?

வரலாம், ஆனா ரெண்டு விஷயத்துல ஜாக்கிரதை.

ஒண்ணு உயரம். 3000 மீட்டருக்கு மேல போனா ராத்திரி தூங்குற உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல கூட்டக்கூடாது, மூணு நாலு நாளைக்கு ஒரு தடவை ஒரு நாள் அதே உயரத்துல தங்கணும், இதுதான் மலை மருத்துவத்துல பொதுவா சொல்ற அளவு. சைக்கிள்ல ஏறுறவங்களுக்கு இது பெரும்பாலும் தானாவே நடந்துடும், ஏன்னா அதை விட வேகமா ஏற உடம்பு விடாது. பஸ்ஸு அப்படி இல்ல, காலைல 1000 மீட்டர்ல ஏறி சாயங்காலம் 4000ல இறக்கி விட்டுடும், ராத்திரி தலைவலி, வாந்தி, தூக்கம் வராது. நல்ல தெம்பா இருக்கேனேன்னு நினைக்கிறவங்களுக்கும் இது வரும், தெம்புக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது. அறிகுறி வந்தா மேல போகாதீங்க, தெளியலைன்னா கீழ இறங்குங்க. தடுமாறி நடக்கிறது, பேச்சு குழறுறது, சும்மா உக்காந்திருந்தாலே மூச்சு வாங்குறது இதெல்லாம் வந்தா விடியட்டும்னு காத்திருக்காம உடனே இறங்கணும்.

ரெண்டாவது பிரேக். சுமை சைக்கிள்ல நீண்ட இறக்கத்துல பிரேக்கை விடாம லேசா பிடிச்சுக்கிட்டே வந்தா ரிம்மோ டிஸ்க்கோ கொதிக்கும். நேர் ரோட்டுல விட்டு, வளைவுக்கு முன்னாடி ரெண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடிச்சு, மறுபடி விட்டு வாங்க. நடுநடுவுல நிறுத்தி ஆற விடுங்க.

பஸ்ல சைக்கிளை ஏத்துவாங்களா?

ஊருக்கு ஊர், கம்பெனிக்கு கம்பெனி மாறும், ஆனா மொத்தத்துல நாலு விதம்தான். சில நாடுங்கள்ல நகர பஸ்ல முன்னாடி மடக்கு ஸ்டாண்டு இருக்கும், ரெண்டு இல்ல மூணு சைக்கிள் நிக்கும், முன்சக்கரத்து மேல ஒரு கொக்கிக் கையை இழுத்து மாட்டணும், இறங்குறப்போ "சைக்கிளை எடுக்கப் போறேன்"னு டிரைவர்கிட்ட சொல்லிட்டுதான் பஸ்ஸுக்கு முன்னாடி போகணும், இதை விளையாட்டா எடுத்துக்காதீங்க. தொலைதூர பஸ்ல சிலதுல பின்னாடி ஸ்டாண்டு இருக்கும், அதுக்கு முன்பதிவு வேணும், இடம் கொஞ்சம்தான். மூணாவது டிக்கி. நாலாவது கூரை.

டிக்கிக்கும் கூரைக்கும் பெரும்பாலும் விதின்னு ஒண்ணு எழுதி இருக்காது, அங்க நிக்கிற டிரைவரோ கிளீனரோ மனசு வைக்கணும். அதனால பஸ் கிளம்புற நேரத்துக்கு ஓடிப் போய் நிக்காதீங்க. ஒரு மணி நேரம் முன்னாடி போங்க, பேக் எல்லாம் கழட்டி வச்சுட்டு வெறும் சைக்கிளைக் காட்டி கேளுங்க, சக்கரத்தைக் கழட்டிடுவேன் இவ்வளவுதான் இடம் பிடிக்கும்னு கையால காட்டுங்க. சுமையோட நிக்கிற சைக்கிளைப் பாத்தா யாருக்குமே "முடியாது"ன்னுதான் வாயில வரும். லக்கேஜ் கட்டணம் எவ்வளவுன்னு ஏத்துறதுக்கு முன்னாடியே பேசி முடிச்சுடுங்க. பஸ் புறப்படுற இடத்துலயே ஏறுங்க, நடுவழியில கையைக் காட்டி நிறுத்தினா டிக்கி நிறைஞ்சிருக்கும்.

எதையெல்லாம் கழட்டணும்?

குறைவா கழட்டுறது நல்லது, ஆனா பெடலையும் முன்சக்கரத்தையும் கழட்டிட்டாலே பாதி இடம் மிச்சம்.

பெடல் 15 மி.மீ. ஸ்பேனர், சிலதுல உள்பக்கம் 6 இல்ல 8 மி.மீ. அல்லன் கீ. இடது பெடலோட மரை தலைகீழ், இது தெரியாம பஸ் ஸ்டாண்டுல உக்காந்து முழு பலத்தோட இறுக்கிக்கிட்டே இருந்தவங்களை நானே பாத்திருக்கேன். சுலபமா ஞாபகம் வச்சுக்க ஒரு வழி: ஸ்பேனரை வெளிப்பக்கத்துலேருந்து மாட்டி மேல் நோக்கி நிக்க வைங்க, பின்சக்கரம் பக்கம் தள்ளினா கழலும், முன்சக்கரம் பக்கம் தள்ளினா இறுகும், ரெண்டு பெடலுக்கும் இதேதான். கிளம்புறதுக்கு முன்னாடி வீட்லயே ஒரு தடவை கழட்டி மரையில கிரீஸ் போட்டு மாட்டி வைங்க, இல்லைன்னா வழியில அசைஞ்சே குடுக்காது.

ஹேண்டில்பாரைத் திருப்பணும்னா, அதை முன்சக்கரத்து ஃபோர்க்கோட இணைக்கிற துண்டான ஸ்டெம்முக்குப் பின்னாடி இருக்குற ரெண்டு பக்கவாட்டு போல்ட்டை மட்டும் தளர்த்துங்க, மேல மூடி மாதிரி இருக்குறதைத் தொடாதீங்க, அது பேரிங்கோட இறுக்கத்துக்கானது. திரும்ப மாட்டினப்புறம் முன்சக்கரத்தைக் காலுக்கு நடுவுல பிடிச்சுக்கிட்டு ஹேண்டில்பாரைத் திருப்பிப் பாருங்க, அசையக்கூடாது.

டிஸ்க் பிரேக்னா சக்கரத்தைக் கழட்டினதும் பேடுகளுக்கு நடுவுல மடிச்ச அட்டைத் துண்டைச் செருகிடுங்க. எண்ணெய் அழுத்தத்துல வேலை செய்யுற ஹைட்ராலிக் பிரேக்ல, டிஸ்க் இல்லாத நேரத்துல யாராவது லிவரை அழுத்திட்டா பேடு ரெண்டும் ஒட்டிக்கும், அப்புறம் சக்கரம் உள்ள போகாது. டிஸ்க் தகடு ரெண்டு மி.மீ. கூட தடிமன் இருக்காது, ஒரு பெட்டி மேல சாய்ஞ்சாப் போதும் கோணிடும், அதனால கழட்டின சக்கரத்தை டிஸ்க் உள்பக்கம் பாக்குற மாதிரி ஃபிரேமோட சேர்த்துக் கட்டுங்க. கட்டுறதுக்கு பழைய டியூபை நீள நீளமா வெட்டி வச்சுக்கிட்டா கயிறை விட நல்லா பிடிக்கும், பெயின்ட்டும் உரசாது.

டிக்கியில படுக்க வைக்கிறப்போ கியர் பக்கம் மேலயா கீழயா?

மேல. எப்பவும் மேல. இதுக்கு ஒரு கதை இருக்கு.

ஒரு தடவை டிக்கியில நானே பாத்து வலது பக்கம் மேல இருக்குற மாதிரி படுக்க வச்சேன். நடுவுல ஒரு நிறுத்தத்துல மூட்டை ஏத்துறவங்க இடத்துக்காக சைக்கிளைத் திருப்பிப் போட்டு மேல மூட்டையை அடுக்கிட்டாங்க, நான் டீ குடிக்கப் போயிருந்தேன். இறங்கி மாட்டி ஓட்டினா எல்லாம் சரியாத்தான் இருந்தது. 3 கி.மீ. தள்ளி முதல் ஏத்தம், பின்னாடி பெரிய பல்சக்கரத்துக்கு கியர் மாத்தினேன், செயினைத் தள்ளி கியர் மாத்துற டெரெய்லியர் போய் ஸ்போக்குல மாட்டி மூணு ஸ்போக் அறுந்து சக்கரம் அப்படியே நின்னுடுச்சு. டெரெய்லியரைப் பிடிச்சிருக்குற ஹேங்கர்னு ஒரு சின்ன அலுமினியத் துண்டு, அது உள்பக்கமா லேசா வளைஞ்சிருந்தது, கண்ணுக்கே தெரியாத வளைவு. ஃபிரேம் உடையக்கூடாதுன்னு அது வளையுற மாதிரிதான் செஞ்சிருக்காங்க, குத்தம் அது மேல இல்ல. ஒவ்வொரு மாடலுக்கும் ஹேங்கர் வேற வேற, போற வழியில கடையில கிடைக்காது. அன்னிக்கு மிச்சம் பிடிச்ச மூணு நாள்ல ரெண்டு நாள் ரிப்பேருக்கே போயிடுச்சு.

அதுக்கப்புறம் நான் செய்யுறது: 5 மி.மீ. அல்லன் கீயால டெரெய்லியரையே ஹேங்கர்லேருந்து கழட்டி, செயினோட சேர்த்து துணியில சுத்தி, ஃபிரேமுக்கு உள்பக்கமா கட்டிடுவேன். ரெண்டு நிமிஷ வேலை. அதுக்கும் நேரம் இல்லைன்னா கியரைப் பின்னாடி இருக்குற பெரிய பல்லுல போட்டு வைங்க, டெரெய்லியர் உள்ள தள்ளி நிக்கும், அடி குறைவாப் படும். உங்க மாடலுக்கான ஹேங்கர் ஒண்ணு பைக்குள்ள எப்பவும் இருக்கட்டும். பஸ் நிக்கிற ஒவ்வொரு இடத்துலயும் இறங்கி டிக்கி பக்கம் போய் நில்லுங்க.

கூரை மேல ஏத்தச் சொன்னா?

நீங்களே ஏறிக் கட்டுங்க, இல்லைன்னா கட்டுறவர் பக்கத்துல நில்லுங்க. ஃபிரேமைத்தான் கட்டணும், சக்கரத்தையோ கேபிளையோ கட்டக்கூடாது. ரெண்டு இடத்துலயாவது கட்டுங்க, ஹேண்டில்பார் தனியா ஆடக்கூடாது. மீட்டர், லைட்டு, பம்பு, தண்ணி பாட்டில் எல்லாம் கழட்டிக் கையில வச்சுக்குங்க.

அட்டைப்பெட்டி வேணுமா?

கம்பெனி கட்டாயம்னு சொன்னா மட்டும். சைக்கிள் கடையில கேட்டா புது சைக்கிள் வந்த காலி பெட்டி பெரும்பாலும் குடுத்துடுவாங்க. ஆனா ஒரு விஷயம், பெட்டிக்குள்ள இருக்குறது சைக்கிள்னு ஏத்துறவங்களுக்குத் தெரியாது, தூக்கிப் போடுவாங்க. வெறும் சைக்கிள்னா கண்ணுக்குத் தெரியுது, கொஞ்சம் பாத்து வைப்பாங்க. கட்டாயம் இல்லாத இடத்துல நான் பெட்டி போடுறதே இல்ல.

பேட்டரி சைக்கிள், கேஸ் அடுப்பு இதெல்லாம்?

பேட்டரி சைக்கிளே 20, 25 கிலோ வரும், பின்பக்க ஸ்டாண்டுல நிறைய கம்பெனி ஏத்துறதில்ல, முன்கூட்டியே கேட்டுடுங்க. பேட்டரியைக் கழட்டி கூட வச்சுக்குங்க, டிக்கி சூட்டுல மூட்டைக்கு அடியில கிடக்க விடாதீங்க. அடுப்போட கேஸ் குப்பியும் பெட்ரோல் பாட்டிலும் பயணிகள் பஸ்ல கூடவே கூடாது, ஏறுறதுக்கு முன்னாடி தீர்த்துடுங்க, போய் இறங்கினப்புறம் புதுசு வாங்கிக்கலாம்.

கூட வர்றவருக்கு மட்டும் முடியல, நான் மிதிக்கத் தயார். என்ன செய்ய?

பிரிஞ்சு போங்க, அதுல தப்பே இல்ல. அவர் பஸ்ல முன்னாடி போய் ரெண்டு நாள் ஓய்வு எடுக்கட்டும், நீங்க மிதிச்சு வந்து சேருங்க. பிரியுறதுக்கு முன்னாடி பஞ்சர் சாமான், பம்பு, கூடாரம், மருந்து எது யார்கிட்டன்னு பிரிச்சுக்குங்க. ஒரே ஒரு பம்பு இருந்து அது பஸ்ல போயிடக்கூடாது. பஸ்ல போறவரை "பாவம் முடியல"ன்னு எல்லார் முன்னாடியும் சொல்லாதீங்க, அந்த ஒரு வார்த்தை மிச்சப் பயணத்தையே கெடுத்துடும்.

இறங்கினதும் முதல் வேலை என்ன?

பஸ் நகர்றதுக்கு முன்னாடி எண்ணுங்க. வாய் விட்டு எண்ணுங்க. ஃபிரேம் ஒண்ணு, சக்கரம் ரெண்டு, பை நாலு, பெடல் டப்பா ஒண்ணு. ராத்திரி நாலு மணிக்கு அரைத் தூக்கத்துல இருட்டுல இறங்குவீங்க, டிரைவர் அவசரப்படுத்துவார், டிக்கி மூலைல முன்சக்கரம் தங்கிடும், டார்ச்சை அடிச்சு உள்ள பாத்துட்டுதான் மூடச் சொல்லணும். சின்ன சாமான் எல்லாத்தையும் ஒரே டப்பாவுல போட்டு அதைக் கைப்பையில வச்சுக்கிட்டீங்கன்னா இந்தப் பயம் பாதி குறையும்.

இருட்டுலயே சைக்கிளை மாட்டி உடனே கிளம்பாதீங்க. பஸ் ஸ்டாண்டுலயே வெளிச்சமா ஆள் நடமாட்டம் இருக்குற இடமாப் பாத்து உக்காந்து விடியட்டும். வெளிச்சம் வந்ததும் மாட்டுங்க, பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடிச்சு கையால பெடலைச் சுத்திக்கிட்டே கியரை ஒவ்வொண்ணா பெரிய பல்லு வரைக்கும் கொண்டு போங்க, டெரெய்லியர் ஸ்போக் கிட்ட வர்றப்போ டிக்டிக்னு சத்தம் வந்தா அந்த கியரைத் தொடாதீங்க, ஹேங்கரைப் பாருங்க. பிரேக் ரெண்டையும் அழுத்திப் பாருங்க. முதல் அரை கி.மீ. மெதுவா போய் நிறுத்தி, பெடலையும் ஸ்டெம்மையும் இன்னொரு தடவை இறுக்கிட்டு அப்புறம் பையை ஏத்துங்க.